கடைமடை உப்பு வயலுக்கு எந்த நெல்? வறட்சி தாங்கும் ரகம் உப்பையும் தாங்குமா?

கடைமடையான்:

வணக்கம். தலைஞாயிறுக்குக் கீழே, வேதாரண்யம் போகும் பக்கம் நம் வயல். வடிகால் வழியாகக் கடல்தண்ணீர் ஏறி இறங்கும் இடம். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் ஆவணி, புரட்டாசி ஆகிவிடும். அதனால் நாற்றங்கால் இல்லை, சம்பா நேரடி விதைப்புதான்.

போன சம்பாவில் முளைப்பு பழுதில்லை. மூன்றாவது இலை விடும்போது மழை இடைவெளி விழுந்தது. நுனி வெளுத்து, இலை சுருண்டு, தாழ்ந்த மூலையில் திட்டுத் திட்டாகச் செத்தது. தப்பியது நன்றாகத் தூர் கட்டியது, பச்சையாக நின்றது. சரி, தேறிவிட்டது என்று நினைத்தால், தைக் கடைசியில் கதிரைப் பிடித்து உருவினால் கையில் பாதிக்கு மேல் பதர்.

மண் பரிசோதனையில் பி.எச். 7.9, ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து எண்) 2.1. விதை வாங்கிய கடையில் "நெல் 3 வரைக்கும் தாங்கும், 2.1 ஒன்றும் பண்ணாது" என்றார்கள். இப்போது அதே கடையில் வறட்சி தாங்கும் ரகம் என்று ஒன்றைக் காட்டி, "உப்பும் வறட்சியும் பயிருக்கு ஒன்றுதான், இதைப் போடுங்கள்" என்கிறார்கள். உண்மையா?

களர்மண்:

அந்த 2.1-ஐ முதலில் பார்ப்போம். நெல் 3 வரை தாங்கும் என்ற கணக்கு, மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அந்தக் கூழிலிருந்து உறிஞ்சி எடுத்த நீரில் அளந்த ஈ.சி.க்கு. நம் ஊர் ஆய்வகங்களில் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரை பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி அளக்கிறார்கள். தண்ணீர் கூடினால் உப்பு நீர்த்துப்போகும், எண் குறையும். உங்கள் 2.1 அந்த வகையாக இருந்தால், கூழ்க் கணக்கில் இரண்டு மூன்று மடங்கு வரும். மணற்சாரி மண் என்றால் இன்னும் கூட.

இரண்டு மடங்கு என்று குறைத்துப் போட்டாலே 4.2, மூன்று மடங்கு என்றால் 6.3. மாஸ், ஹாஃப்மன் என்ற இருவர் 1977-ல் போட்ட அட்டவணைதான் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. அதில் நெல்லுக்கு 3-க்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் 12 சதவீதம் விழும். 6.3 என்றால் ஏறக்குறைய 40 சதவீதம் போச்சு. பாதிக் கதிர் பதரானதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இன்னொன்று, உங்களுடையது உவர் நிலம், அதாவது உப்பு கூடியது, களர் இல்லை. களர் என்றால் பி.எச். 8.5-க்கு மேல் போகும், மண்ணில் ஒட்டிய சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டும், தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும். கடைக்காரர் எந்த ரகம் கொடுத்தார்? டி.ஆர்.ஒய். வரிசை என்றால் அது திருச்சி நிலையத்தில் களருக்கென்று எடுத்தது. உவருக்குக் கை கொடுக்கலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மா:

கடையில் இரண்டுக்கும் ஒரே மூட்டைதான் அண்ணே. கேட்டால் "சகல மண்ணுக்கும்" என்பான்.

இலைத்துளை:

கடைமடையான் எழுதிய வரிசையை மறுபடி படியுங்கள். முளைப்பு சரி, மூன்றாம் இலையில் சாவு, தூர் கட்டும்போது பச்சை, பூவில் பதர். நெல்லும் உப்பும் பற்றிப் பாடத்தில் இருப்பது அப்படியே இதுதான். நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு பொறுக்கும். இரண்டு மூன்று இலைப் பருவத்தில் பொறுக்காது. தூர் கட்டும்போது பொறுக்கும். பொதி கட்டிப் பூக்கும்போது மறுபடி பொறுக்காது. "இந்த ரகம் உப்பைத் தாங்கும்" என்று யாராவது சொன்னால், எந்தப் பருவத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

உப்பும் வறட்சியும் ஒன்றா என்றால், முதல் சில நாளுக்கு ஒன்றுதான். மண்நீரில் உப்பு கூடியதும் வேருக்குத் தண்ணீர் இழுப்பது கஷ்டமாகிறது. வயலில் தண்ணீர் நின்றாலும் செடிக்கு வறட்சிதான். வேர் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரக்கும், இலைத்துளைகள் மூடும், புது இலை வளர்வது மட்டுப்படும், செல்கள் சர்க்கரை, புரோலின் மாதிரிப் பொருள்களைச் சேர்த்துத் தண்ணீரைப் பிடித்துவைக்கப் பார்க்கும். இது இரண்டுக்கும் பொது. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இங்கே இருக்கிறது.

மீதிப் பாதி இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொடங்கும். சோடியம் இலையில் சேர்ந்துகொண்டே போகும். வறட்சியில் இந்த வேலையே கிடையாது. உப்பில் முதிர்ந்த இலைதான் முதலில் நுனியிலிருந்து காயும். புது இலை வரும் வேகத்தைவிடப் பழைய இலை சாகும் வேகம் கூடினால் செடி முடிந்தது. மூன்று இலை நாற்றுக்குச் சேமிப்பே இல்லை. நாற்பது நாள் பயிருக்குத் தூக்கிப்போட இலை இருக்கிறது.

நெல்லுக்கு இதில் தனிப்பட்ட ஒரு பலவீனம் உண்டு. வேரின் உள்ளே தண்ணீரை வடிகட்டி அனுப்பும் தடுப்பு அடுக்கு நெல்லில் அங்கங்கே ஒழுகும். அந்த வழியாக உப்பு, வடிகட்டலுக்குள் அகப்படாமலே தண்ணீரோடு நேராக மேலே போய்விடும். அதனால்தான் பார்லி 8 வரை நிற்கும் இடத்தில் நெல் 3-லேயே தடுமாறுகிறது.

கடைமடையான்:

அப்படியானால் தாங்கும் நெல் என்னதான் செய்கிறது? அதற்கும் அதே வேர்தானே?

இலைத்துளை:

மேலே போன சோடியத்தைத் தண்டுக்குள் வழிமறித்துத் திரும்ப எடுக்கிறது. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறும் குழாயின் ஓரத்துச் செல்களில் ஒரு புரதம் இருக்கிறது. அது ஏறுகிற நீரிலிருந்து சோடியத்தை உறிஞ்சிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். இலைக்குப் பொட்டாசியம் போகும், சோடியம் குறையும். இதற்கான மரபணுவை 2005-ல் சீன ஆய்வாளர்கள் நோனா போக்ரா என்ற வங்காள நெல்லிலிருந்து பிரித்தெடுத்தார்கள். உப்பைத் தாங்கும் கேரளத்து நெல்லான பொக்காளியில் சால்டால் என்று குறிக்கப்படும் இடமும் முதலாம் குரோமோசோமில் அதே பகுதிதான். ஐ.ஆர். 29 என்ற ரகத்தையும் பொக்காளியையும் கலந்து எடுத்த எஃப்.எல். 478 என்ற வரிசை வழியாக இது பல நாட்டு ஆய்வு நிலையங்களுக்குப் போனது. ஏற்கெனவே பெயர் பெற்ற ரகங்களுக்குள் சால்டாலை மட்டும் ஏற்றும் வேலை இந்தியாவிலும் பல வருடமாக நடக்கிறது.

கோதுமையில் இன்னும் தெளிவாகப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் பழங்கால ஒற்றைத்தானியக் கோதுமையிலிருந்து இதே குடும்பத்து மரபணு ஒன்றை, வழக்கமான இனக்கலப்பு முறையில் ரவைக் கோதுமைக்குக் கொண்டுவந்தார்கள். உப்பு வயலில் 25 சதவீதம் வரை கூடுதலாக விளைந்ததாக 2012-ல் வெளியிட்டார்கள்.

ஆனால் சால்டால் காப்பாற்றுவது நாற்றுப் பருவத்தை. பூக்கும் பருவத்தில் தாங்குவது வேறு மரபணுக்களின் கையில் இருக்கிறது. நாற்றில் தாங்கும் ரகம் பூவில் கவிழும், பூவில் தாங்குவது நாற்றில் சாகும். இரண்டையும் ஒரே ரகத்தில் சேர்ப்பதுதான் இன்னும் கைகூடாமல் இழுக்கிற வேலை.

விதைக்கோட்டை:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நம் நாகை கடற்கரையில் குழியடிச்சான் என்ற பாரம்பரிய நெல்லைப் போட்டவர்கள் எந்த ஆய்வகத்துக்கும் போனதில்லை. களருக்கு என்று பெயரிலேயே சொல்லி வைத்த களர்பாளை இருக்கிறது. பொக்காளியை எர்ணாகுளம், ஆலப்புழை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்ததால்தான் இன்று சால்டால் என்று ஒன்றைப் பிரித்தெடுக்க முடிந்தது. மூலவிதை அவர்களுடையது, பெயர் வேறு யாருக்கோ.

நாலு மா:

ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று அதையும் சொல்லிவிடுங்கள் ஐயா. போன வருடம் பாரம்பரியம் என்று போட்டேன். நன்றாக நெஞ்சு உயரம் வளர்ந்தது. மார்கழி மழையில் படுத்தது, அறுக்க இயந்திரக்காரன் மாட்டேன் என்றுவிட்டான்.

விதைக்கோட்டை:

படுத்தாலும் வீட்டுக்கு நெல் வந்ததா இல்லையா? கடைமடையான் போட்ட ரகம் நின்றபடியே பதராக இருந்ததே, அதைவிட இது மேல்தானே.

இலைத்துளை:

இரண்டு பேர் சொல்வதும் ஒரே விஷயத்தின் இரண்டு முனை. பொக்காளி உயரமாக வளர்வதே அது உப்பைத் தாங்கும் வழிகளில் ஒன்று. உள்ளே வந்த சோடியம் பெரிய உடம்பில் பரவி நீர்த்துப்போகிறது. அதையே குட்டையாக்கினால் அந்த வசதி போய்விடும்.

அப்புறம் பொக்காளி வெறும் விதை மட்டும் இல்லை, ஒரு சாகுபடி முறை. கோடையில் வயலில் மண்ணைக் குவித்து மேடு போடுவார்கள். தென்மேற்குப் பருவமழை அந்த மேட்டின் உப்பைக் கழுவியதும் அதன் மேல் விதைப்பு. நாற்று தேறியதும் மேட்டை வெட்டிப் பரப்பிவிடுவார்கள். அந்த மென்மையான மூன்று இலைப் பருவம் முழுக்க மழை கழுவிய மண்ணில் கழிகிறது. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கதிரை மட்டும் அறுத்துவிட்டு, உப்புத் தண்ணீரை உள்ளே விட்டு இறால். மழை விடுவதற்குள் நெல் வேலை முடிந்துவிடுகிறது. இந்தக் கால ஒழுங்கு இல்லாமல் பொக்காளி விதையை மட்டும் கொண்டுவந்து உங்கள் வயலில் தைக் கடைசியில் பூக்கவிட்டால், அதுவும் பதராகத்தான் போகும்.

புழுதிக்கால்:

நான் முதுகுளத்தூர். எங்கள் ஊருக்கு உப்பு பாதி, வானம் பாதி. புரட்டாசியில் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு மழைக்கு உட்காருவோம். பரமக்குடி நிலையத்தில் வெளிவந்த அண்ணா 4 போடுகிறோம், நூறு நாள் சொச்சம். அது வறட்சியைத் தாங்குகிறது என்பதைவிட, மழை ஓய்வதற்குள் தப்பித்து ஓடிவிடுகிறது என்பேன். வயதுதான் எங்களுக்கு மருந்து. கார்த்திகை தாண்டி மழையை நம்புகிறவன் எங்கள் ஊரில் கிடையாது.

விதைக்கும் முன் 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் விதையை ஊறவைத்து, நிழலில் பழைய ஈரத்துக்கே உலர்த்தி விதைப்பதையும் செய்கிறோம். பல்கலைக்கழகம் சொல்வதுதான். முளைப்பு ஒரே சீராக வருகிறது, அதற்கே செய்யலாம்.

கேள்வி ஒன்று. வேர் ஆழமாகப் போகும் நெல் வந்திருக்கிறது என்கிறார்கள். அது எங்கள் ஊருக்குச் சரி. கடைமடையான் வயலுக்கும் அதுவே நல்லதா?

இலைத்துளை:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஜப்பானியர்கள் 2013-ல் பிலிப்பைன்ஸ் மேட்டுநில நெல் ஒன்றிலிருந்து டி.ஆர்.ஓ. 1 என்ற மரபணுவைக் கண்டார்கள். அது வேரின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை, வேர் மண்ணுக்குள் இறங்கும் கோணத்தைச் செங்குத்தாக்குகிறது. மேலோட்டமாக வேர் விடும் ஐ.ஆர். 64-க்கு அதை ஏற்றியதும், மேல்மண் காய்ந்தபோது கீழ்ஈரத்தைப் பிடித்து விளைந்தது.

அதே குழு 2020-ல் அந்த மரபணுவின் உடன்பிறப்பு ஒன்று வேலை செய்யாத நெல்லை எடுத்தது. இந்தோனேசிய ரகத்திலிருந்து வந்தது. வேர் மண்மேலேயே படர்ந்து ஓடும். உப்பு வயலில் நட்டுப் பார்த்தால் இதுதான் கூடுதலாக விளைந்தது! காரணம், உவர் நெல்வயலில் சேறு இறுகிக் காற்று செத்துப்போகிறது. ஆழத்தில் வேருக்கு மூச்சுத் திணறல், மேற்பரப்பில் கொஞ்சம் பிராணவாயு. ஆக முதுகுளத்தூருக்கு ஆழ வேர், தலைஞாயிறுக்கு மேல்வேர். கடைக்காரர் ஒன்று என்று சொன்ன இரண்டு வயலுக்கு நேர் எதிரான செடி வேண்டியிருக்கிறது.

நாலு மா:

அட! இதை அந்தக் கடை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

அது கிடக்கட்டும், டெல்லியில் ஜீன் திருத்திய நெல் வந்துவிட்டதே. பூசா டி.எஸ்.டி. 1. வறட்சிக்கும் (டிராட்) உப்புக்கும் (சால்ட்) சேர்த்துத் தாங்கும் (டாலரன்ஸ்) என்று பெயரிலேயே இருக்கிறது. அது வந்தால் இந்த விவாதம் எல்லாம் முடிந்ததுதானே?

இலைத்துளை:

2025 மே 4 அன்று மத்திய அமைச்சர் இரண்டு ரகங்களை அறிவித்தார். அதில் ஒன்று இது. எம்.டி.யு. 1010 என்ற ரகத்தில் டி.எஸ்.டி. என்ற மரபணுவைத் திருத்தி முடக்கியது. அந்த மரபணு முடங்கினால் இலைத்துளைகளின் எண்ணிக்கை குறையும், இருப்பவையும் எளிதாக மூடும், தண்ணீர்ச் செலவு குறையும். 2009-லேயே சீனாவில் காட்டிய விஷயம். வெளியிலிருந்து மரபணு எதையும் நுழைக்காததால் 2022-ல் தளர்த்திய விதிப்படி இது பி.டி. பருத்தி போன்ற அனுமதி வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

தண்ணீரை மெதுவாக இழுக்கும் செடிக்குள் உப்பும் மெதுவாகத்தான் போகும், அதுவரை தர்க்கம் சரி. ஆனால் துளை குறைந்தால் கரியமில வாயுவும் குறையும், தண்ணீர் நிறைந்த நல்ல வருடத்தில் அது பாதகமா என்று பார்க்க வேண்டும். இலை குளிர்வதும் அந்தத் துளை வழியாகத்தான், வெயில் ஊர்களில் அதுவும் கணக்கு. ஆய்வு வயல் புள்ளிவிவரம் பற்றி எதிர்ப்பாளர்கள் எழுப்பிய கேள்விகளை நான் ஒதுக்கமாட்டேன். எதிர்ப்பாளர்கள் என்பதற்காகவே ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒப்பும் இல்லை. அறிவிப்பை வைத்து விதைக்க முடியாது, நம் மண்ணில் இரண்டு மூன்று பட்டம் நின்று காட்டட்டும்.

விதைக்கோட்டை:

விதைக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வியை இதில் யாரும் தொடவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

வடமராட்சி:

வணக்கம், நான் யாழ்ப்பாணப் பக்கம். எங்களுக்கு நெல்லைவிடக் கிணற்றுத் தோட்டம்தான் தலையிடி. சுண்ணாம்புக்கல் நிலம், மழைநீர் கடல்நீருக்கு மேலே மிதக்கிற மாதிரித்தான் நிலத்தடியில் நிற்கும். மோட்டார் போட்டுக் கூட இறைத்தால் அடியில் இருக்கிற உப்புத் தண்ணி மேலே ஏறும். வெங்காயம் உங்களுடைய அந்த அட்டவணையில் 1.2 என்று நினைக்கிறேன், நெல்லைவிட மோசம். கிணறு உவர்க்கத் தொடங்கினால் முதலில் வெங்காயம் காட்டிக்கொடுக்கும். பீற்றூட் 4 வரை நிற்கும், அதின் பூர்வீகமே கடற்கரைச் செடிதானே. கிணறு உவர்த்த சிலர் அதற்கு மாறினவை.

நெல்லுக்கு இங்கே அம்பலாந்தோட்டையில் எடுத்த ஏ.டி. 354 உவர் நிலத்துக்குச் சொல்கிறவை. அதுவும் பொக்காளியின் வழிவந்ததுதான். பொக்காளி இலங்கைக்கு வந்து கனகாலம். ஆனால் கடல்நீர் ஏறாமல் தடுக்கிற தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவு ஒழுங்காக இருந்த வருசமும் இல்லாத வருசமும் வயல் காட்டுகிற வித்தியாசத்தை எந்த ரகமும் காட்டினதில்லை. கடைமடையான், உங்கள் வடிகாலுக்குக் கதவு இருக்கிறதா?

கடைமடையான்:

இருக்கிறது. பலகை உளுத்துப்போய் ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது. மனு கொடுத்திருக்கிறோம்.

களர்மண்:

வடமராட்சி கேட்டதுதான் முதல் வேலை. பலகையை ஊர்ச் செலவிலாவது மாற்றுங்கள், அதற்கு இணையான ரகம் கிடையாது. 2004 சுனாமி ஏறிய நாகை வயல்களில் பெரும்பகுதி உப்பைப் பிறகு வந்த பருவமழைதான் கழுவியது. மழை கழுவும், கழுவிய தண்ணீர் வெளியே போக வழி வேண்டும், போனது திரும்பி வரக்கூடாது. வயல் காய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள். மண்ணில் இருக்கும் ஈரம் பாதியானால் அதே உப்பு இரட்டிப்புக் கரைசலாகும். உங்கள் மூன்றாம் இலையில் மழை விட்டபோது நடந்தது அதுதான். உவர் வயலில் பாய்ச்சலும் காய்ச்சலும், அதாவது பாய்ச்சிக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது, வேண்டாம், மெல்லிய தண்ணீராவது நிற்க வேண்டும்.

ஜிப்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டாதீர்கள். அது களருக்கு மருந்து. கடல்நீர் ஏறிய மண்ணில் உப்பு கழுவப்பட்ட பிறகு சோடியம் தங்கி மண் இறுகினால் அப்போது தேவைப்படலாம். முதலில் சோடியம் அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சித்திரை, வைகாசியில் மழை கிடைத்தால் தக்கைப்பூண்டு தெளித்து மடக்கி உழுங்கள். அது உப்பிலும் வரும், மண்ணும் நெகிழும்.

புழுதிக்கால்:

நேரடி விதைப்பை விடமுடியாது என்று சொன்னீர்கள். ஆனால் இலைத்துளை சொன்ன கணக்குப்படி, உங்கள் நாற்று வலுவில்லாத வயதில் நேராக உப்பில் நிற்கிறது. கொஞ்சம் நல்ல தண்ணீர் இருக்கும் இடமே இல்லையா?

கடைமடையான்:

வீட்டுக்குப் பின்னால் மணல்மேடு உண்டு. அங்கே ஊற்றுக்குட்டையில் தண்ணீர் இனிப்பு, கத்தரி, மல்லிகை எல்லாம் வைக்கிறோம். நாற்றங்காலாக யோசித்ததில்லை. ஆள் கூலியை நினைத்தால்தான் பயம்.

இலைத்துளை:

முழு வயலுக்கும் வேண்டாம், திட்டுத் திட்டாகச் செத்த அந்தத் தாழ்ந்த மூலைக்கு மட்டும் நாற்று விடுங்கள். முப்பது நாள் தாண்டிய நாற்றாகப் பறித்து, குத்துக்கு நாலைந்து வையுங்கள். மென்மையான பருவம் மணல்மேட்டு நல்ல தண்ணீரிலேயே முடிந்துவிடும்.

பூக்கும் காலம் இரண்டாவது. மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுகிறார்கள், வடகிழக்கு மழை அதற்கு முன்பே ஓய்ந்துவிடும், உங்கள் கதிர் தைக் கடைசியில் வருகிறது. கழுவ மழையும் இல்லை, நீர்க்கவைக்க ஆற்றுத் தண்ணீரும் இல்லை, கீழே இருந்த உப்பு மேலே ஏறும் நேரம். அந்தச் சமயத்தில் மகரந்தம் செத்தால் பதர்தான். கோ 43 உப்பைப் பொறுக்கும் என்று பெயர், ஆனால் அது 135 நாளுக்கு மேல் போகும். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் தையில்தான் பூக்கும். ஒன்று விதைப்பை முன்னே இழுங்கள், அல்லது வயது குறைந்ததைப் போட்டு மார்கழிக்குள் பூக்கவிடுங்கள். உங்கள் வயலில் ரகத்தைவிட இருபது நாள் முன்னே பின்னே என்பது பெரிய வித்தியாசம் காட்டும் என்பது என் கணிப்பு.

விதைக்கோட்டை:

தாழ்ந்த மூலையில் பாதிக்குக் குழியடிச்சானும் போட்டுப் பாருங்கள். விதை நான் தருகிறேன், காசு வேண்டாம், அறுத்ததும் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். நாலு மா தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாலு மா:

அறுப்புக்கு ஆளும் நீங்களே அனுப்பினால் போட்டுவிடுகிறேன் ஐயா.

கடைமடையான்:

பலகைக்கு இந்த வாரம் ஊர்க்கூட்டத்தில் பேசுகிறேன். மணல்மேட்டில் நாற்றங்கால், மூலையில் ஒரு பக்கம் குழியடிச்சான், மறு பக்கம் வயது குறைந்த ரகம். மண்ணை மறுபடி கொடுக்கலாம் என்று இருக்கிறேன், எப்படி எடுப்பது?

களர்மண்:

வெள்ளையாகப் பூத்திருக்கும் மேல் ஓட்டை மட்டும் சுரண்டி எடுக்காதீர்கள், எண் தலைசுற்றும். மேல் 15 செ.மீ. தனி, அடுத்த 15 செ.மீ. தனி. தாழ்ந்த மூலையையும் மேடான பக்கத்தையும் ஒரே பையில் கலக்கவேண்டாம். கோடையில் ஒரு முறை, மழை கழுவியபின் விதைப்புக்கு முன் ஒரு முறை எடுங்கள். கொடுக்கும்போது மண்ணுக்கு எத்தனை பங்கு தண்ணீர் சேர்த்து ஈ.சி. பார்க்கிறார்கள் என்று கேட்டு, அட்டையின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வடிகால் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துப் போங்கள், அலை ஏறும் நேரத்தில் பிடித்தது.